தரையில் அரை மணி

தங்கமணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அவள் அட்டெண்டன்டாக வேலை செய்த பெண்கள் வார்டில் பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் இருந்த கனத்த சீனப் பெண்மணியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தூக்குவதற்கு இருவர் வேண்டும். கூட வேலை செய்பவள் பசியாறப் போயிருந்தாள். தள்ளுகட்டில் வந்து நின்றுவிட்டது. பதினேழு வருஷமாகத் தூக்குகிற உடம்புதானே என்று தங்கமணி தனியாகவே நோயாளியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். இடுப்புக்கு மேலே ஏதோ நழுவியது. நோயாளியைப் பத்திரமாகத் தள்ளுகட்டிலில் கிடத்திவிட்டாள். தன்னால் நிமிர முடியவில்லை. நர்ஸ் மிஸ்ஸிகள் இரண்டு பேர் ஓடிவந்து பக்கத்துக் காலிக் கட்டிலில் அவளைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். அன்று காலையில் அந்தக் கட்டிலுக்குப் படுக்கை விரித்தவளே அவள்தான்.

இரண்டு வாரம் எம்.சி., மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னால் வராந்தா, ஒரு ஹால், ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதையொட்டித் தண்ணீர்த் தொட்டியும் துவைகல்லும். அவ்வளவுதான் வீடு. அறையைக் கட்டிலும் அலமாரியும் அடைத்துக்கொண்டன. ஹாலில் பாதியைப் பிரம்பு செட்டி பிடித்துக்கொண்டது: நீளமாக ஒன்று, ஒற்றை ஆள் உட்காருவது இரண்டு, நடுவே கண்ணாடி போட்ட மேசை. மீதியில் டெலிவிஷன், தையல் மிஷின், சாமி படங்கள். அறைக்குள் தங்கமணியும் இரண்டு மகள்களும் படுப்பார்கள். நீளச் செட்டியில் அவளுடைய கொழுந்தன் ஜெயராஜ் படுப்பான். செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் வேலை, இன்னும் கல்யாணமாகவில்லை. கணவர் இராமலிங்கம் இரயில் நிலையத்து யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. நைட் ஷிப்ட் முடித்து வருகிற நாட்களில் பகலெல்லாம் அறைக் கட்டிலில் தூங்குவார், மற்ற நாட்களில் இரவு ஹாலில் பாய் விரித்துக்கொள்வார். ஆக அந்த வீட்டில் எந்த மணிக்குப் பார்த்தாலும் யாராவது ஒருவர் படுத்திருப்பார். பகலில் தங்கமணி படுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த இரண்டு வாரமும் வீட்டை இழுத்தது மூத்தவள் சந்திரகலா. பதினைந்து வயது, அந்த வருஷம் எஸ்.ஆர்.பி. பரீட்சை. காலையில் எழுந்து சோறு வடித்து, சித்தப்பாவுக்கு டிபன் கேரியரில் போட்டு, ஆறு வயதுத் தங்கை புஷ்பவல்லிக்குத் தலை சீவி விட்டு, பிறகு பள்ளிக்கூடம். மத்தியானம் வந்ததும் மீன் கழுவ உட்கார்ந்துவிடுவாள். தங்கமணி கட்டிலில் கிடந்தபடியே ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாளிப்பதற்கு முன்னால் எண்ணெய் காயவில்லை என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

இராமலிங்கம் தன்னால் ஆனதைச் செய்தார். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில் கேட்டுக் கறுப்புத் தைலம் வாங்கிவந்தார். பக்கத்து வீட்டு இராஜம்மா சொன்னாளென்று செந்தூலிலிருந்து உருவிவிடுகிற ஆளைக் கூட்டிவந்தார். உருவிய அன்று நன்றாக இருந்தது. மறுநாள் குளிக்குமிடத்துக்கு மகளைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது.

எம்.சி. முடிந்து போனபோது ஆஸ்பத்திரியில் அவளை வார்டுக்கு அனுப்பவில்லை. துணிகள் வைக்கிற ஸ்டோரில் மூன்று மாதத்துக்கு லைட் டியூட்டி. எட்டு மணியிலிருந்து நாலேகால் வரை உட்கார்ந்து தலையணை உறை மடிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மூன்று டாக்டர்கள் கொண்ட போர்ட் அவளைப் பார்க்கும். வார்டு வேலைக்குத் தகுதி என்று எழுதினால் உண்டு. இல்லையென்றால் உடம்பு முடியாதவள் என்று ஓய்வு கொடுத்துவிடுவார்கள். முப்பத்தொன்பது வயதில்.

பிசியோ பிரிவில் இருந்தது மீனலோசனி என்ற பெண். இருபத்தாறு வயதிருக்கும். செராஸிலிருந்து வேலைக்கு வருகிறவள், யாழ்ப்பாணக் குடும்பம். தங்கமணியை மேசையில் படுக்கச் சொல்லி, முதுகில் விரலால் ஒவ்வோர் எலும்பாக அழுத்திப் பார்த்தாள். மருந்து ஒன்றும் எழுதவில்லை. ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் குச்சி மனிதர்கள் ஐந்து பேர். ஒருவர் முழங்காலை மடக்கி மல்லாந்து கிடந்தார். ஒருவர் ஒரு காலை நெஞ்சோடு அணைத்திருந்தார். மூன்றாமவர் இடுப்பைத் தரையிலிருந்து தூக்கியிருந்தார். நாலாமவர் பூனைபோல நாலு காலில் நின்றார். ஐந்தாமவர் குப்புறக் கிடந்து தலையையும் காலையும் உயர்த்தியிருந்தார். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம். மெத்தையில் கூடாது, தரையில்தான்.

தங்கமணி தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலேயே இருந்தவள் என்பதால் டாக்டர் சொன்னதைச் செய்யாத நோயாளிகளை அவளுக்குப் பிடிக்காது. செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. படுப்பதற்கு இடம் இல்லை. அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அடி. ஹாலில் செட்டிக்கும் டெலிவிஷனுக்கும் நடுவே படுக்கலாம், ஆனால் கொழுந்தன் இருக்கும்போது காலைத் தூக்கிக்கொண்டு கிடக்க முடியுமா? வராந்தா தெருவைப் பார்த்தது. அடுப்படிதான் மிச்சம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்படித் தரையைத் துடைத்து, பாயைப் போட்டாள். தலை அரிசி டின்னை இடித்தது, கால் பின்வாசலைத் தொட்டது. சிமெண்டின் குளிர்ச்சி பாய்க்குள் ஏறியது. சாரோங்கைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு முதல் படத்தைச் செய்தாள். இரண்டாவதையும் செய்தாள். மூன்றாவதில் இடுப்பைத் தூக்கி நாலு எண்ணியிருப்பாள், ஒன்றுக்குப் போக எழுந்த புஷ்பவல்லி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இருட்டில் அம்மா வாயைத் திறந்துகொண்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. இராமலிங்கம் நைட் ஷிப்டில் இருந்தார். ஜெயராஜ் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இராஜம்மா பின்கதவைத் தட்டி, தங்கமணிக்கு இழுப்பு வந்துவிட்டது என்று தானே முடிவுசெய்து, கையில் இரும்புச் சாவியோடு வந்துவிட்டாள். தங்கமணி கொழுந்தனுக்கு முன்னால் தரையில் கிடந்தாள், டக்கென்று எழுந்திருக்கவும் முடியவில்லை. பக்கவாட்டில் புரண்டு, சுவரைப் பிடித்து, மெதுவாகத்தான் எழுந்தாள்.

அன்று பொழுது விடிந்ததும் வரிசை முழுக்கச் சிரித்தது. இராஜம்மா கெட்டவள் இல்லை. ஆனால் நல்ல கதையை வீட்டுக்குள் வைத்திருக்க அவளால் முடியாது. தங்கமணியும் சிரித்தாள். அதற்குப் பிறகு பாயை விரிக்கவில்லை.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. பிசியோவுக்குப் போகும்போதெல்லாம் மீனலோசனி கேட்பாள், செய்கிறேன் மிஸ் என்று தங்கமணி சொல்வாள். மூன்றாவது வாரம் மீனலோசனி அவளைத் தரையில் படுக்கவைத்து மூன்றாவது படத்தைச் செய்துகாட்டச் சொன்னாள். தங்கமணியின் தொடைகள் ஐந்து எண்ணுவதற்குள் நடுங்கத் தொடங்கின.

"நீங்கள் செய்யேல்லை, அக்கா," என்றாள் மீனலோசனி. கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு நீங்கள் பொய் சொல்லலாம். உங்கட முதுகு எனக்கு வேற மாதிரிச் சொல்லுது."

தங்கமணி படுத்தபடியே மேலே மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்படி, புஷ்பவல்லி, கொழுந்தன், இராஜம்மா, இரும்புச் சாவி எல்லாம்.

"எடமே இல்ல மிஸ். செத்தா ஆறடி கெடைக்கும்னு சொல்வாங்க. உசுரோட இருக்கும்போது யாருலா குடுக்கிறா?"

மீனலோசனி சிரிக்கவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வீட்டில உங்களுக்கு இடம் வேணும் எண்டு நீங்கள் ஆரிட்டையாவது கேட்டனீங்களா?"

தங்கமணி யோசித்துப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே இராமலிங்கம் வேறு ஒன்றைத் தொடங்கினார். பகல் ஷிப்ட் முடித்து வந்து, செட்டியில் உட்கார்ந்து தேநீரைக் குடித்துவிட்டு, ரொம்ப நாள் யோசித்தவர் மாதிரிச் சொன்னார். போர்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது. முடியவில்லை என்று எழுதிக்கொடுத்தால் பென்ஷன் தருவார்கள். வீட்டில் இருந்தால் முதுகும் தானே சரியாகும். அவருடைய பேச்சில் அன்புதான் இருந்தது. அது தங்கமணிக்குத் தெரியும். அதனாலேயே அவளுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுல இருந்தா என்னா செய்வேன்?" என்று கேட்டாள்.

"ரெஸ்ட் எடு."

"எங்கங்க எடுக்கிறது? வெளக்கமாறு, துணி, மீனு, சோறு, எல்லாம் குனிஞ்சுதான் செய்யணும். ஆஸ்பத்திரில எனக்கு எம்.சி. குடுத்தாங்க. வீட்டு வேலைக்கு யாரு எம்.சி. குடுப்பா?"

இராமலிங்கம் தேநீர் மங்குக் கோப்பையைக் கீழே வைத்தார். வார்டைப் பற்றி அவளுக்குச் சொல்ல இருந்தது. ஆப்பரேஷன் முடித்து வந்தவர்கள் கண் திறந்ததும் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவள் "தங்கா"தான். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. சந்திரகலா அதைக் கொடுக்காமல் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். புஷ்பவல்லி படம் வரையத் தாள் தேடியபோது அகப்பட்டது. மலாயில் டைப் அடித்திருந்தது. ஆஸ்பத்திரிப் படிவங்களைப் படித்துப் படித்துத் தங்கமணிக்கு அந்த மொழி பழக்கம். பரீட்சை மாணவர்களுக்கு மத்தியானம் நடக்கும் சிறப்பு வகுப்புக்குச் சந்திரகலா பதினொரு நாள் வரவில்லை. காரணம் கேட்டால் சொல்வதில்லை. பெற்றோர் வந்து பார்க்க வேண்டும்.

தங்கமணி கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மழை விட்டிருந்தது. லோங்காங் சாக்கடையில் தண்ணீர் சிவந்து ஓடியது. சந்திரகலா பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் துவைகல்லில் நின்று படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். நனைந்த விரிப்பை இரண்டு கையாலும் தூக்கி வாளியில் போட்டாள். வாளியைத் தூக்கினாள். கொடிவரை நாலடி நடந்து கீழே வைத்துவிட்டு, இடது கையை இடுப்பில் வைத்துக் கொஞ்சம் பின்னுக்கு வளைந்து நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் தங்கமணி பதினேழு வருஷமாக நிற்கிற அதே நிலை அது.

தங்கமணி கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "விரிப்ப அப்படியே போடு, கலா," என்றாள். "ஜெயராஜ் சித்தப்பா வந்து காயப்போடட்டும்."

"சித்தப்பாவா?"

"அவரும் அதுலதான படுக்கிறாரு."

அன்று சாயங்காலம் இராமலிங்கமும் ஜெயராஜும் வந்து குளித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். கங்கோங் கீரையும் நெத்திலிச் சம்பலும் வைத்துச் சோறு போட்டாள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஹாலின் நடுவில் வந்து நின்றாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்பதும் ஒரு காரணம்.

"ஒன்னு சொல்றேன், நடுவுல யாரும் பேசாதீங்க," என்றாள். "அஞ்சரைலேருந்து ஆறு மணி. தெனமும். இந்த ஹாலு எனக்கு வேணும். செட்டி வராந்தாவுக்குப் போகட்டும். தம்பி, நீங்க ராத்திரி அங்கயே படுத்துக்குங்க, இந்த அரை மணி நேரம் எங்கயாச்சும் வெளிய போயிட்டு வாங்க. கலா மத்தியானம் கிளாஸுக்குப் போவா. சோறு நான் வந்து வடிப்பேன், கொஞ்சம் லேட்டாகும், பசிச்சா பிஸ்கட்டு இருக்கு. துணி அவங்கவங்க தொவைங்க. அந்த அரை மணி யாரும் என்னைய கூப்புடக் கூடாது. வீடு தீப்பிடிச்சா கூப்புடுங்க."

ஜெயராஜ் தலையை ஆட்டினான். இராமலிங்கம் செட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செட்டிய வெளிய போட்டுட்டா, நாலு பேரு வந்தா எங்க ஒக்கார வைக்கிறது?"

"வராந்தாலதான். காத்தோட்டமா இருக்கும்."

"மழை அடிக்கும், மணி."

"நனையட்டும்ங்க. செட்டி நனைஞ்சா காஞ்சிரும்."

"அதுக்கில்ல. பாக்கிறவங்களுக்குக் கவுரவமா இருக்காது. பொம்பள உள்ள தரைல கெடந்து கால தூக்கிக்கிட்டு..."

"ரெண்டு வாரம் ஒன்னுக்குப் போக கலாவ புடிச்சிக்கிட்டுப் போனேன்," என்றாள் தங்கமணி. "அது கவுரவமா இருந்துச்சா?"

வெளியே கிள்ளான் இரயில் வண்டி போயிற்று. அந்த வரிசையில் வண்டி போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். வண்டி போன பிறகும் இராமலிங்கம் தொடங்கவில்லை. அவர் சந்திரகலாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து கண்ணாடி மேசையைச் சுவரோரம் தள்ளினார். பிறகு நீளச் செட்டியின் ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தார். ஜெயராஜ் மறுமுனைக்குப் போனான்.

"குனிஞ்சு தூக்காதீங்க," என்றாள் தங்கமணி. "முட்டிய மடக்கி ஒக்காந்து தூக்குங்க."

இருவரும் முழங்காலை மடக்கித் தூக்கினார்கள்.

முதல் வாரம் சுலபமாக இல்லை. சாரோங் சரிப்பட்டு வரவில்லை என்று இராமலிங்கத்தின் பழைய காக்கிக் காற்சட்டையைப் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டாள். சந்திரகலாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு அடங்க இரண்டு நாள் ஆனது. கூப்பிடக்கூடாது என்று சொன்னது எல்லாருக்கும் புரிந்தது, பழக்கத்துக்குத்தான் புரியவில்லை. புஷ்பவல்லி தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, கூப்பிடவில்லை, சும்மா சொல்கிறேன் என்று பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். இராமலிங்கம் அறைக்குள்ளிருந்து நீலச் சட்டை எங்கே என்று கேட்டார். தங்கமணி எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டாவது தட்டில் என்றாள். கேட்டவருக்கும் சொன்னவளுக்கும் அடுத்த நொடிதான் உறைத்தது. இராஜம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தேங்காய் இருக்கிறதா என்று கேட்டபோது தங்கமணி முதல் தடவையாகப் பதில் பேசாமல் கிடந்தாள். அது உடற்பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது. இராஜம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் எப்போதும்போலப் பேசினாள்.

மூன்றாவது வாரத்தில் தொடை நடுக்கம் நின்றது. மீனலோசனி நடக்கவும் சொன்னாள். தங்கமணி மினி பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வாழைப்பழத்தை எண்ணெயில் பொரித்துக் கோரெங் விற்கிற மலாய் அக்கா முதலில் அவளைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு கையை அசைத்தாள். நடந்து வருகிற அந்தப் பதினைந்து நிமிஷத்தில் தான் யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை என்பது தங்கமணிக்கு முதலில் உறுத்தலாக இருந்தது. போகப்போக அந்த நேரத்துக்காகவே மணியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் சோறு பரிமாறும்போது கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவி மறுபடியும் பரிமாறினாள். எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகுதான், கரண்டியைத் தான் குனிந்து எடுத்தது நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் இன்னொரு தடவை வேண்டுமென்றே குனிந்து, தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை முதல் வாரம் போர்ட். மூன்று டாக்டர்களில் மூத்தவர் அவளை மணல் பையைத் தரையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார். தங்கமணி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தாள். வீட்டில் என்ன செய்தாய் என்று மலாயில் கேட்டார். தினமும் அரை மணி நேரம் என்றாள். நிஜமாகவா என்று அவர் கேட்டதற்கு, மீனலோசனி கதவருகே நின்றவள், "நிஜம் டாக்டர், அவவின்ர முதுகு சொல்லும்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். வார்டு வேலைக்குத் தகுதி என்று எழுதினார்கள். தனியாகத் தூக்கக்கூடாது என்று அடியில் ஒரு வரி.

அன்று வீட்டில் கோழிக் குழம்பு. ஜெயராஜ் இனிப்பு வாங்கி வந்தான். முதுகு விஷயம் இத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். தங்கமணியும் அப்படித்தான் நினைத்துவிட்டாள். வார்டுக்குப் போனதும் ஷிப்ட் தொடங்கியது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், பிறகு இரவு. அஞ்சரை மணி என்பது நிலையாக இல்லை. நாலு நாள் பாயை விரிக்கவில்லை. ஐந்தாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடுப்பில் பழைய இடத்தில் ஒரு கிள்ளு. அவ்வளவுதான், ஒரு கிள்ளு. அவள் பஸ் ஸ்டாப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

அதற்கு வழி கண்டுபிடித்தது சந்திரகலா. சீனக் கடையில் கொடுத்த காலண்டரை எடுத்து, அப்பாவின் ஷிப்டைப் பச்சையிலும் அம்மாவின் ஷிப்டை நீலத்திலும் எழுதினாள். இரண்டுக்கும் நடுவே ஹால் எப்போது காலியாக இருக்கும் என்று பார்த்து ஒவ்வொரு நாளும் சிவப்பில் ஒரு கட்டம் போட்டாள். காலை ஷிப்ட் என்றால் அஞ்சரை. மத்தியான ஷிப்ட் என்றால் காலை பத்து மணி. இரவு ஷிப்ட் என்றால் தூங்கி எழுந்து நாலு மணி. இராமலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். யார்டில் வண்டிகளுக்குப் போடுகிற அட்டவணை மாதிரியே இருக்கிறது என்றார். இந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு மாற்றியிருக்கிறார்கள், அதைத் திருத்து என்றார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. தங்கமணிக்கு மத்தியான ஷிப்ட். பத்து மணிக்குப் பாயை விரித்துவிட்டாள். சந்திரகலா அறைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், புஷ்பவல்லி இராஜம்மா வீட்டில். இராமலிங்கம் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ரவாங்கிலிருந்து இராமலிங்கத்தின் மூத்த அக்கா அஞ்சலையும் அவள் கணவர் பழனியப்பனும் சொல்லாமல் வந்திருந்தார்கள். அம்மா போன பிறகு இராமலிங்கத்தையும் ஜெயராஜையும் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. அவள் வருகிறாள் என்றால் இராமலிங்கம் சட்டை மாற்றிக்கொள்வார். அவள் முன்னால் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பையை வாங்கி உள்ளே வைப்பது எப்போதும் தங்கமணிதான்.

அப்போது அவள் மூன்றாவது படத்தில் இருந்தாள். காக்கிக் காற்சட்டையும் பழைய பனியனுமாக மல்லாந்து கிடந்து, இடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர் தூரத்தில் நாத்தனார். எழுந்திருக்கலாம் என்று கை தானாகத் தரையை ஊன்றியது. அறை வாசலில் சந்திரகலா பேனாவோடு வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடா, வீட்டுச் சாமானெல்லாம் வெளிய கெடக்குது?" என்று கேட்டது அஞ்சலையின் குரல். "தங்கமணி எங்க?"

வராந்தாவில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வார் என்று தங்கமணி நினைத்தாள். உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறாள் என்று சொல்வார்.

"உள்ள எக்சர்சைஸ் செய்யுதுக்கா," என்றார் இராமலிங்கம். "முதுகுக்கு. தெனமும் அரை மணி செய்யணும்."

"வந்தவங்கள வாங்கன்னு கேக்காமயா?"

"முடிச்சிட்டு வரும். இன்னும் ஒரு பத்து நிமிஷம். ஒக்காருக்கா, மாமா நீங்களும் ஒக்காருங்க. நான் தேத்தண்ணி கலக்கறேன்."

"நீயா?"

"நான்தான்க்கா."

செட்டி கிரீச்சிட்டது, அஞ்சலை உட்கார்ந்துவிட்டாள். இராமலிங்கம் உள்ளே வந்து, மனைவியின் பக்கம் பார்க்காமல், சுவரோரமாகப் பாயை மிதிக்காமல் நடந்து அடுப்படிக்குள் போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு டின்களைத் திறக்கும் சத்தம். முதலில் திறந்தது பருப்பு டின். அதன் மூடி இறுக்கம், தங்கமணிக்குக் கேட்டவுடனே தெரியும். அடுத்தது உப்பு. அவர் ருசிபார்த்துத் துப்பினார். மூன்றாவது வெறும் டின். சீனி மேல் தட்டில், சிவப்பு மூடி. ஒரு வார்த்தைதான். அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சந்திரகலாவும் நகரவில்லை.

அடுப்படியில் ஸ்டூல் இழுபட்டது. மேல் தட்டில் ஏதோ உரசியது. ஒரு மூடி திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மங்கில் கரண்டி சுற்றுகிற சத்தம் வந்தது.

தங்கமணி கையைத் தரையிலிருந்து எடுத்து மறுபடியும் பக்கத்தில் வைத்தாள். இடையில் இறங்கியிருந்த இடுப்பை மறுபடியும் தூக்கினாள். விட்ட இடத்திலிருந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினாள்.